ஊதாதீங்க அத்தை, உள்ளே இழுங்க!



போன இதழில் இரும்புச்சத்து பற்றி எழுதியிருந்தேன் இல்லையா? அதற்கு வந்த கடிதங்களில் ஒன்று என் மனசைப் பிடித்து உலுக்கிவிட்டது. கைக்குழந்தைக்காரி ஒருத்தி எழுதியிருக்கிறாள். அவளுடைய அப்பாவுக்கு அடுத்த மாதம் இதயத்தில் பைபாஸ் ஆபரேஷனாம். "ஆஸ்பத்திரியில் மூன்று பந்து போட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, தினமும் மூச்சுப் பயிற்சி செய்யச் சொல்கிறார்கள். கோளாறு இதயத்தில்தானே? நுரையீரலுக்கு எதற்குப் பயிற்சி? அப்பா ஏற்கெனவே பயந்து போயிருக்கிறார். அவரை மேலும் தொந்தரவு செய்ய எனக்கு மனசு வரவில்லை" என்று கேட்டிருக்கிறாள்.

அம்மாடி, இதே கேள்வியை 2018-ல் நானும் கேட்டேன். கேட்டதோடு நிற்காமல் அலட்சியமாகவும் இருந்துவிட்டேன். அதற்கு விலை கொடுத்தது நானில்லை, என் அத்தை. அதனால் இந்தத் தடவை சமையல், கைவைத்தியம் எல்லாவற்றையும் ஒதுக்கி வைத்துவிட்டு, இதைத்தான் எழுதப் போகிறேன். வீட்டில் இதய ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர் யாராவது இருந்தால், இந்தப் பக்கத்தைக் கிழித்துக் காலண்டர் பக்கத்தில் குத்தி வையுங்கள்.

அத்தையும் ஊதாங்குழலும்

அத்தை என்றால் என் மாமியார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அத்தை என்றே கூப்பிட்டுப் பழக்கம். சின்ன வயசில் அத்தைக்கு அடிக்கடி தொண்டை வலி வருமாம். ஒரு தடவை அதைத் தொடர்ந்து காய்ச்சலும், மூட்டுக்கு மூட்டு வீக்கமும் வந்து மாதக்கணக்கில் படுத்திருந்தார்களாம். ருமாட்டிக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். மூட்டு வலி போய்விட்டது. ஆனால் இதயத்தின் வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. அது தெரிந்தது 64 வயசில், மாடிப்படி ஏற முடியாமல் மூச்சு வாங்கியபோதுதான். (இளம் தாய்மார்கள் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தைக்குக் காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்து கொடுத்தால் சொன்ன நாள் வரை முழுசாகக் கொடுங்கள்.)

வால்வை மாற்ற வேண்டும், நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் என்று சொல்லி மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அன்றைக்கே பிசியோதெரபிப் பெண் ஒருத்தி வந்தாள். என் பெண் வயசுதான் இருக்கும். மூன்று அறை, மூன்று பந்து, ஒரு குழாய் உள்ள டப்பாவை அத்தை கையில் கொடுத்தாள். அத்தை அதை வாயில் வைத்து, கன்னம் உப்ப 'ஃபூ' என்று ஒரு ஊது ஊதினார்கள் பாருங்கள்! பந்து அசையவே இல்லை.

"ஊதாதீங்க பாட்டி, உள்ளே இழுங்க!" என்று சிரித்தாள் அந்தப் பெண்.

அத்தை என்ன செய்வார்கள், பாவம்! நாற்பது வருஷம் விறகடுப்பு. ஈர விறகு, வரட்டி, கண்ணெல்லாம் புகை. ஊதாங்குழலை எடுத்தால் ஊதித்தானே பழக்கம்? அந்தப் புகையெல்லாம் நுரையீரலில் படிந்திருக்கும் என்பதை அன்றைக்கு நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பீடியைத் தொடாத பெண்பிள்ளைக்கு நுரையீரலில் என்ன கோளாறு வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டோம்.

ஊருக்கு வந்தோம். டப்பா அலமாரி மேலே போயிற்று. தினமும் யாராவது பார்க்க வந்தார்கள். "அலட்டிக்காதே, நல்லா ரெஸ்ட் எடு" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். நானும் "அத்தை, பயிற்சி பண்ணினீங்களா?" என்று கேட்பேன். "காலையில பண்ணினேன்டி" என்பார்கள். பண்ணவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். போகட்டும், ஆபரேஷனுக்கு முன்னால் எதற்கு வற்புறுத்த வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டாம் நாள் ராத்திரி

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. மறுநாள் காலையில் மூச்சுக்குழாயை எடுத்துவிட்டார்கள். அத்தை என்னைப் பார்த்துக் கையை அசைத்தார்கள். நாங்கள் வேண்டாத தெய்வத்துக்கெல்லாம் நன்றி சொன்னோம்.

இருமினால் நெஞ்சு பிளக்கிற மாதிரி வலிக்கிறது என்றார்கள் அத்தை. மூச்சை இழுத்தாலும் வலி. நர்ஸ் டப்பாவை நீட்டும்போதெல்லாம் தலையை ஆட்டி மறுத்தார்கள். நான் என்ன சொல்ல வேண்டும்? "கொஞ்சம் முயற்சி பண்ணுங்க அத்தை" என்று சொல்லியிருக்க வேண்டும். நானோ, "வலிச்சா விட்டுடுங்க அத்தை, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றேன். பாசம்தான்! ஆனால் தப்பான இடத்தில் காட்டிய பாசம்.

அன்று ராத்திரியே மூச்சு வேகமாகிவிட்டது. 95-க்கு மேல் இருக்க வேண்டிய ஆக்ஸிஜன் அளவு 87-க்கு இறங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு நுரையீரலிலும் அடிப்பாகம் வெள்ளையாகத் தெரிந்தது. முகத்தை இறுக்கிப் பிடிக்கும் மாஸ்க்கைப் போட்டு, இயந்திரத்தால் காற்றை அழுத்திக் கொடுத்தார்கள். மூன்று ராத்திரி அப்படி. அந்த மாஸ்க்குக்குள்ளிருந்து அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே… இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

டாக்டர் சொன்ன விளக்கம்

மறுநாள் டாக்டரிடம், "இதயத்தில் ஆபரேஷன் பண்ணினீங்க, நுரையீரலுக்கு ஏன் வந்தது?" என்று அழுதுகொண்டே கேட்டேன். அவர் பொறுமையாக உட்கார்ந்து சொன்னார். நான் பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவள். எனக்கே புரிந்தது என்றால் உங்களுக்கும் புரியும்.

வால்வை மாற்ற வேண்டுமானால் இதயம் சற்று நேரம் துடிக்காமல் இருக்க வேண்டும். அந்த நேரத்தில் இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் ஓர் இயந்திரம் செய்கிறது. உடம்பிலிருந்து வரும் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, பிராணவாயு ஏற்றி, பதமான சூட்டில் திரும்ப உடம்புக்குள் அனுப்புகிறது.

இங்கேதான் வினை. நம் ரத்தம் பிறந்ததிலிருந்து ரத்தக்குழாயின் வழவழப்பான உள்தோலை மட்டுமே உரசி ஓடிப் பழகியது. திடீரென்று பிளாஸ்டிக் குழாயில் ஓடியதும், 'அந்நியன் வந்துவிட்டான்!' என்று மிரண்டுவிடுகிறது. ஊரில் யாரோ 'திருடன், திருடன்' என்று கத்தினால் எல்லாரும் தடியோடு ஓடி வருவார்களே, அந்த மாதிரி வெள்ளை அணுக்கள் திரண்டு எழுகின்றன. திருடன் இல்லை. ஆனால் ஓங்கிய தடி எங்கேயாவது விழத்தானே வேண்டும்?

அது விழுகிற இடங்களில் முக்கியமானது நுரையீரல். உடம்பில் ஓடுகிற ரத்தமெல்லாம் நுரையீரல் வழியாகத்தான் போக வேண்டும். அங்கே இருப்பவையோ தலைமுடியை விட மெல்லிய குழாய்கள். கோபமாக வரும் வெள்ளை அணுக்கள் அங்கே சிக்கி, தங்களிடம் உள்ள காரமான ரசாயனங்களைக் கொட்டிவிடுகின்றன. மெல்லிய சுவர் புண்ணாகிக் கசிகிறது. காற்று இருக்க வேண்டிய பைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. இதைத்தான் அழற்சி என்கிறார்கள். நம் காற்றுப் பைகளையெல்லாம் விரித்துப் போட்டால் சுமார் 750 சதுர அடி வருமாம், இரண்டு படுக்கையறை உள்ள ஒரு சின்ன வீட்டின் அளவு! அதில் பாதி வீடு ஈரமாகிவிட்டால் மூச்சு வாங்காமல் என்ன செய்யும்?

இரண்டாவது காரணம், இயந்திரம் ஓடும் நேரத்தில் நுரையீரல் காற்றிறங்கிய பலூன் மாதிரி சும்மா கிடக்கிறது. அதற்கு ரத்தமும் வழக்கம்போல் போவதில்லை. பிறகு காற்றும் ரத்தமும் ஒரே சமயத்தில் பாய்ந்து வரும்போது, அதுவே ஒரு காயமாகிறது. அடிப்பாகத்தில் சில பைகள் ஒட்டிக்கொண்டு திறப்பதும் இல்லை.

"இவ்வளவும் ஆபரேஷன் அறையில் நடப்பது. இதில் முக்கால்வாசிப் பேருக்கு லேசாக வந்து சில நாளில் தானாக வடிந்துவிடும். மிகச் சிலருக்கு முற்றி உயிருக்கே ஆபத்தாகும். உங்கள் அத்தைக்கு நடுத்தரமாக வந்தது. ஆனால் அதன் மேல் மூன்றாவதாக ஒன்று சேர்ந்துகொண்டதும்மா" என்றார் டாக்டர்.

அந்த மூன்றாவது என்ன தெரியுமா? வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டது. ஏற்கெனவே ஈரமாகி, ஒட்டிக்கிடந்த அடிப்பாகத்துக்குக் காற்றே போகவில்லை. சளி வெளியே வரவில்லை. விட்டிருந்தால் நிமோனியாவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

என் நெஞ்சில் யாரோ அறைந்த மாதிரி இருந்தது. 'வலிச்சா விட்டுடுங்க அத்தை' என்று சொன்னது நான்தானே?

ஒரு மனைவியும் உழைத்த இயந்திரம்

இந்த இயந்திரத்தைக் குறை சொல்லிவிடாதீர்கள். அது வந்த கதையைக் கேட்டால் கும்பிடத் தோன்றும். 1931-ல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரியில் ஒரு பெண்மணிக்கு நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டது. ராத்திரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டவர் ஜான் கிப்பன் என்ற இளம் டாக்டர். ரத்தத்தை வெளியே எடுத்துப் பிராணவாயு ஏற்றித் திருப்பிவிட ஒரு வழி இருந்தால் இவளைப் பிழைக்க வைக்கலாமே என்று அந்த ராத்திரி அவருக்குத் தோன்றியதாம். அதற்காக இருபது வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். கூடவே இருந்து ஆய்வுக்கூடத்தில் தோள் கொடுத்தவர் அவருடைய மனைவி மேரி. 1953 மே 6-ந் தேதி பிலடெல்பியாவில் 18 வயசுப் பெண்ணுக்கு இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தபோது, 26 நிமிஷம் அவளுடைய இதயமும் நுரையீரலுமாக இருந்தது அந்த இயந்திரம்தான். அவள் பிழைத்தாள்.

நம் பக்கத்துப் பெருமையும் உண்டு. இந்தியாவில் முதன்முதலாக பைபாஸ் ஆபரேஷனை வெற்றிகரமாகச் செய்தது 1975-ல், சென்னை பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில், டாக்டர் கே.எம்.செரியன்.

அவர்கள் செய்கிற தடுப்பு

நுரையீரல் புண்ணாகாமல் தடுக்க ஆபரேஷன் அறையில் எத்தனையோ செய்கிறார்கள். குழாய்களின் உட்புறத்தில், ரத்தத்துக்கு அந்நியமாகத் தெரியாதபடி பூச்சு கொடுக்கிறார்கள். குழாயின் நீளத்தையும் இயந்திரம் ஓடும் நேரத்தையும் முடிந்தவரை குறைக்கிறார்கள். உடம்பில் மிஞ்சிய நீரை வடிகட்டி எடுக்கிறார்கள். செயற்கை சுவாசம் கொடுக்கும்போது நுரையீரல் விம்மிக் கிழியாமல், ஆளின் உயரத்துக்கு ஏற்ற அளவாகக் காற்றைத் தருகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மூச்சுக்குழாயை எடுத்துவிடுகிறார்கள்.

"அழற்சி என்றால் ஸ்டீராய்டு ஊசி போட்டால் அடங்காதா?" என்று என் கணவர் கேட்டார். நல்ல கேள்விதான். அதையும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2012-ல் வெளிவந்த நெதர்லாந்து ஆராய்ச்சியில் சுமார் 4,500 பேர். 2015-ல் வெளிவந்த, 18 நாடுகளில் நடந்த ஆராய்ச்சியில் சுமார் 7,500 பேர். பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு கொடுத்தும் மரணமோ பெரிய கோளாறுகளோ குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே எல்லாருக்கும் ஒரே ஊசியில் தீர்வு என்று எதுவும் கிடையாது.

பைபாஸ் மட்டும் என்றால், இயந்திரம் இல்லாமல் துடிக்கிற இதயத்திலேயே செய்வதும் உண்டு. யாருக்கு எது பொருந்தும் என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. வால்வை மாற்றி வைக்க நெஞ்சைத் திறக்கும்போது இயந்திரம்தான் கதி. எந்த முறையானாலும் நெஞ்செலும்பைப் பிளந்த வலி உண்டு. மூச்சுப் பயிற்சியும் உண்டு.

நம் கையில் இருக்கும் தடுப்பு

ரத்தம் மிரளாமல் தடுப்பது நம்மால் ஆகாது. ஆனால் அந்த மூன்றாவது சுமை ஏறாமல் தடுப்பது முழுக்க முழுக்க வீட்டுக்காரர்கள் கையில் இருக்கிறது. நெதர்லாந்தில் 2006-ல் வெளிவந்த இன்னொரு ஆராய்ச்சியைக் கேளுங்கள். பைபாஸுக்குக் காத்திருந்தவர்களில், நுரையீரல் கோளாறு வர அதிக வாய்ப்புள்ள 279 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பாதிக்கு, ஆபரேஷனுக்கு முன்னால் குறைந்தது 2 வாரம், தினம் 20 நிமிஷம், மூச்சை உள்ளிழுக்கும் தசைகளுக்குப் பயிற்சி. மறு பாதிக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். பயிற்சி செய்யாதவர்களில் 100-க்கு 35 பேருக்கு ஆபரேஷனுக்குப் பின் நுரையீரல் கோளாறு வந்தது. செய்தவர்களில் 100-க்கு 18 பேருக்குத்தான். பாதியாகக் குறைந்துவிட்டது, பார்த்தீர்களா!

எங்களுக்கு மூன்று வாரம் இருந்தது. டப்பா அலமாரி மேலே இருந்தது.

சரி, நடந்ததை விடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

1. தேதி குறித்த அன்றே பயிற்சியைக் கற்றுக்கொள்ளுங்கள். நோயாளியோடு நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை உதட்டால் இறுக்கிப் பிடித்து, நிதானமாக உள்ளே இழுக்க வேண்டும். பந்து மேலே போனதும் சில விநாடி நிறுத்தி, பிறகு மெதுவாக விட வேண்டும். தலை சுற்றினால் நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். எத்தனை தடவை என்று ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். சில இதய நோயாளிகளுக்குக் கடினமான பயிற்சி ஆகாது. ஆகவே அவர்கள் சொன்னதற்கு மேல் நீங்களாகக் கூட்டாதீர்கள்.

2. புகை கூடவே கூடாது. பீடி, சிகரெட்டை ஆபரேஷனுக்குக் குறைந்தது 4 வாரம் முன்பே விட வேண்டும். 8 வாரம் என்றால் இன்னும் நல்லது. ஒளித்து ஒளித்துப் பிடித்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விறகடுப்பு, கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகையும் அந்த அறைப் பக்கம் வரக்கூடாது.

3. வாய் சுத்தம். இதற்கும் நுரையீரலுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வாயில் உள்ள கிருமி எச்சிலோடு இறங்கித்தான் நிமோனியா வருகிறது. சொத்தைப் பல், ஈறு வீக்கம் இருந்தால் முன்கூட்டியே பல் டாக்டரிடம் காட்டுங்கள். வால்வு ஆபரேஷன் என்றால் இது இன்னும் முக்கியம். பல்லில் உள்ள கிருமி புது வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். காலையும் இரவும் பல் தேய்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் வாய் கொப்பளிக்க மருந்து கொடுத்தால் வீணாக்காமல் உபயோகியுங்கள்.

4. ரத்தசோகையைச் சரி செய்யுங்கள். ரத்தம் குறைவாக இருந்தால் ஆபரேஷனில் வெளி ரத்தம் அதிகம் ஏற்ற வேண்டி வரும். உயிர் காக்கும் அந்த ரத்தமே சில சமயம் நுரையீரலில் அழற்சியைக் கிளப்பிவிடும். நம் பெண்களில் ரத்தசோகை இல்லாதவர் எத்தனை பேர்? முன்கூட்டியே சோதித்து, டாக்டர் கொடுத்தால் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடச் சொல்லுங்கள். காபி, டீயோடு வேண்டாம் என்று போன தடவையே எழுதினேன். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் கட்டுக்குள் கொண்டு வர வேண்டும்.

5. சளி, இருமல், காய்ச்சல் இருந்தால் சொல்லிவிடுங்கள். 'தேதி தள்ளிப் போய்விடுமே' என்று மறைப்பவர்கள் உண்டு. தள்ளிப் போனால் போகட்டும். புண்ணான நுரையீரலோடு போய்ப் படுப்பதைவிட அது மேல்.

6. ஆபரேஷனுக்குப் பின் வலி மருந்தை நேரத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். 'மாத்திரை அதிகம் வேண்டாம், பொறுத்துக்கொள்ளலாம்' என்பது வீரம் இல்லை. வலி அடங்கினால்தான் மூச்சு ஆழமாகப் போகும். மருந்து வேலை செய்ய ஆரம்பித்த பிறகு பயிற்சி செய்தால் சுலபம். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு முறை, பத்துப் பத்து மூச்சு என்பது பொதுவான கணக்கு.

7. இரும வையுங்கள். ஒரு சின்னத் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டு இருமினால் தையல் இடம் அதிராது, வலியும் குறையும். வீட்டிலிருந்தே ஒரு தலையணையைத் துவைத்த உறையோடு கொண்டு போய்விடுங்கள்.

8. படுக்கையிலேயே கிடக்க விடாதீர்கள். தலைப்பக்கம் உயர்த்தி வைக்க வேண்டும். டாக்டர் அனுமதித்த உடனே நாற்காலியில் உட்கார வேண்டும், பிறகு நாலடி நடக்க வேண்டும். எழும்போது கையை ஊன்றக்கூடாது; நெஞ்செலும்பு சேர 2, 3 மாதம் ஆகும். பார்க்க வருகிறவர்கள் கூட்டத்தையும் குறையுங்கள். சளி பிடித்தவர்கள் வாசலோடு திரும்பட்டும். கோபித்துக்கொண்டால் பிறகு சமாதானம் செய்துகொள்ளலாம்.

9. வீட்டுக்கு வந்த பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள். மூச்சு வாங்குவது அதிகமானாலும், படுத்தால் மூச்சு முட்டினாலும், 100 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், சளியில் ரத்தமோ நிறமோ தெரிந்தாலும், தையலில் நீர் கசிந்தாலும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள். தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவோ, ஒரு வாரத்தில் 2 கிலோவோ கூடினால், உடம்பு தேறுகிறது என்று சந்தோஷப்படாதீர்கள். நீர் கோத்துக்கொள்கிறது என்று அர்த்தம். உதடு நீலமானால் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் 108-க்குப் போன் செய்துவிடுங்கள்.

அந்த நர்ஸம்மா

மாஸ்க்கை எடுத்த அன்று ஒரு வயதான நர்ஸம்மா டப்பாவோடு வந்தார். அத்தை வழக்கம்போல் தலையை ஆட்டினார்கள். அவர் என்னைப் பார்த்து, "ஏம்மா, குழந்தைக்குக் கசப்பு மருந்து கொடுக்கும்போது அது அழுதா விட்டுடுவியா? பாசம்னா இவங்களை இரும வைக்கிறதுதான்மா" என்றார்.

அப்படியே அத்தை பக்கத்தில் உட்கார்ந்தேன். தலையணையைக் கட்டிக்கொடுத்தேன். "அத்தை, என் மேல கோபம் வந்தாலும் பரவாயில்லை. நான் எண்ணுறேன், நீங்க இழுங்க" என்றேன். முதல் நாள் முதல் பந்து பாதி தூரம் எழும்பி விழுந்தது. வலியில் அத்தையின் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். ஆனால் நான் எண்ணுவதை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் முதல் பந்து மேலே போய் நின்றது. வீட்டுக்குக் கிளம்பும் அன்று இரண்டாவது பந்து! வார்டில் இருந்த எல்லாரும் கை தட்டினார்கள்.

2023-ல் என் கணவரின் அண்ணனுக்கு பைபாஸ் என்று சொன்னார்கள். இரண்டு மாதம் அவகாசம் கிடைத்தது. இருபது வருஷ சிகரெட்டை அத்தான் அன்றைக்கே விட்டார். விட வைத்தது அத்தை. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டு மகன் எதிரில் உட்கார்ந்துகொள்வார்கள். ஒரு கையில் கடிகாரம். ஐம்பது வயசு மகன் ஒரு நாள் சலிப்போடு ஊதிப் பார்த்தார். அடுக்களையில் இருந்த எனக்குக் கேட்டது அத்தையின் குரல்:

"ஊதாதேடா, உள்ளே இழு! உன் பொண்டாட்டி மாதிரி, என் மருமக மாதிரி நான் விட்டுக் கொடுக்க மாட்டேன், ஆமாம்!"

எனக்குச் சுருக்கென்றது, சிரிப்பும் வந்தது. அத்தானுக்கு ஆபரேஷன் முடிந்து நான்காம் நாளே வராந்தாவில் நடந்தார், மாஸ்க் எதுவும் தேவைப்படவில்லை. இது பயிற்சியால் மட்டும்தான் என்று சொல்ல மாட்டேன். ஆளுக்கு ஆள் உடம்பு வேறு, ஆபரேஷன் வேறு. ஆனால் நாங்கள் செய்ய வேண்டியதைச் செய்தோம் என்ற நிம்மதி இருந்ததே, அது 2018-ல் எனக்கு இல்லை.

கடிதம் எழுதிய சகோதரியே, உன் அப்பாவுக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்துகொள். பந்து மேலே போகும்போது உன் குழந்தை கை தட்டிச் சிரிக்கும். பேரக்குழந்தை சிரிக்கிறதென்றால் எந்தத் தாத்தாதான் இன்னொரு தடவை இழுக்க மாட்டார்?

இன்றைக்கே ஆரம்பித்துவிடம்மா. ஆபரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்ததும் ஒரு கடிதம் போடு. காத்துக்கொண்டிருப்பேன்.